கருப்பட்டிக் கொட்டானில் போன கடைசி ரீல்

கீழக்கரிசல்குளம்,
கழுகுமலை வழி.
ஐப்பசி 4, 1983.

என் தங்கை ராமலட்சுமிக்கு மாலையிட்ட ஒரே காரணத்தால் இந்த ஊரில் இன்னமும் 'அவர்' என்று மரியாதையாகப் பேசப்படுகிற மாப்பிள்ளை நல்லக்கண்ணு அவர்களுக்கு, மைத்துனன் வேல்சாமி எழுதிக்கொள்வது.

இங்கு பால்மாடு சுகம். மற்றவர்கள் எப்படி இருக்கிறோம் என்பதைக் கீழே எழுதுகிறேன். அங்கு தங்கச்சியும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், தங்களுக்கு மட்டும் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கிற வரைக்கும் கடைவாய்ப் பல்லில் லேசாக ஒரு வலி இருந்தால் போதும் என்று செண்பகவல்லி அம்மனை வேண்டிக்கொள்கிறேன். அதற்குமேல் வேண்டாம். நான் அவ்வளவு கெட்டவன் இல்லை.

முதலில் ஒரு கேள்வி. சித்திரையில் காளியம்மன் கோயில் கொடைத் திருவிழா முடிந்து, நீங்களும் உங்கள் சிநேகிதர் கோபாலசாமியும் பட்டணத்துக்குக் கிளம்பிய அன்று, ஊரிலிருந்து பஸ் நிற்கிற இடம் வரைக்கும் ஒரு ஓலைக்கொட்டானை என் தலையில் ஏற்றிவிட்டீர்களே, அதில் என்ன இருந்தது? கருப்பட்டி என்றீர்கள். நம்பினேன். ஏனென்றால் தங்கச்சிக்கு என்று வேம்பாருக்கு ஆள் அனுப்பி அந்தக் கருப்பட்டியை வாங்கி, அந்தக் கொட்டானில் அடுக்கி, வாயைக் கட்டி வைத்தவனே நான்தான். வழியில் கால் இடறிக் கொட்டான் ஒரு பக்கம் சரிந்தபோது 'டங்' என்று தகரச் சத்தம் கேட்டது. என்ன மாப்பிள்ளை, கருப்பட்டி பேசுதே என்றேன். நீங்கள் கொஞ்சம்கூட முகம் மாறாமல், பதம் தப்பாமல் காய்ச்சின கருப்பட்டி அப்படித்தான் கேட்கும் மச்சான் என்றீர்கள். நான் அதையும் நம்பி, ஊருக்குத் திரும்பி என் டீக்கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், இனிமேல் கருப்பட்டியைத் தட்டிப் பார்த்து வாங்குங்கள், தகரம் மாதிரிச் சத்தம் வந்தால்தான் அசல் என்று புத்தி சொன்னேன். சந்தையில் போய்த் தட்டித் தட்டிக் கருப்பட்டியை உடைத்து வியாபாரியிடம் வசவு வாங்கி வந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த வசவும் உங்களுக்கே சேரும். ஆடியில் ராமலட்சுமி, கொடைக்கு வந்த மனுசனிடம் ஒரு கருப்பட்டி கொடுத்துவிட உனக்குக் கை வரலையா அண்ணே என்று எழுதியிருந்தாள். பட்டணத்துத் தண்ணீரைக் குடித்ததும் வாங்கினதையே வாங்கவில்லை என்கிறாளே என்று நான் அவளுக்குப் பதில்கூடப் போடவில்லை. அண்ணனையும் தங்கச்சியையும் பிரித்து வைத்த பெருமையும் உங்களுடையதுதான்.

அந்தக் கொட்டானுக்குள் இருந்தது எங்கள் படத்தின் கடைசி ரீல். இது உங்களுக்குத் தெரியும். அதன் அருமைதான் தெரியவில்லை. பெண் எடுத்த ஊரின் கதையை ஒரு தடவையாவது ஒழுங்காகக் காதில் வாங்கியிருந்தால் இந்தக் காரியம் செய்திருக்க மாட்டீர்கள். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். பல்லைப் பிடித்துக்கொண்டு படியுங்கள்.

முப்பது வருஷத்துக்கு முன்னால், விடாமல் மழை பொய்த்து ஊரில் பாதிப் பேர் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு இருந்த ஒரு புரட்டாசியில், டூரிங் டாக்கீஸ்காரர் ஒருவர் வழி தப்பினவர் மாதிரி இங்கே வந்து கொட்டகை போட்டார். அவரிடம் இருந்தது ஒரே படம். 'சுகுணவல்லி அல்லது மாமியார் மனம்'. அப்போதே அது பழைய படம். வந்த காலத்திலேயே ஓடாத படம். அதில் சுகுணவல்லி அழுவாள், அழாத நேரம் பாடுவாள், இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. மாமியார் அவளைக் கைக்குழந்தையோடு வீட்டை விட்டுத் துரத்துவாள். துரத்தினால் பெற்ற வீட்டுக்குப் போக வேண்டியதுதானே, போக மாட்டாள், வாசலிலேயே நின்று ஒரு பாட்டு, அது முடிந்து இன்னொரு பாட்டு. கடைசியில் உள்ளே இருக்கிற மாமியார் மெதுவாக எழுந்து வந்து கதவுத் தாழ்ப்பாளில் கையை வைப்பாள். அந்த இடத்தில் ரீல் முடிந்தது. கடைசி ரீலை எடுத்து மாட்டுவதற்குள் பிடித்தது பாருங்கள் மழை. கொட்டகை சாய்ந்து, திரை கிழிந்து, ஜனம் முழுக்க வெளியே நின்று வாயைத் திறந்து மழையைக் குடித்தது. மாமியார் கதவைத் திறந்தாளா என்று கேட்க அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. மறுநாள் டாக்கீஸ்காரர், கொட்டகையும் போச்சு, படம் கொடுத்த கம்பெனியையும் இழுத்து மூடியாச்சு, இதை எங்கே கொண்டுபோய்ப் போட என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். இப்போது ஊர்த்தலைவராக இருக்கிற தங்கச்சாமி அண்ணாச்சியின் அப்பா அவருக்கு ஒரு கிடாயைக் கொடுத்து, படத்தைக் காளியம்மன் பேருக்கு வாங்கிவிட்டார்.

அன்றோடு இந்த ஊர் மழைக்காகக் கொடும்பாவி கட்டி இழுப்பதை விட்டது. மழை பிந்தினால் கோவில்பட்டியிலிருந்து மிஷினை வாடகைக்கு எடுத்து வந்து சுகுணவல்லியை ஓட்டுவோம். மாமியார் தாழ்ப்பாளில் கை வைத்ததும் நிறுத்திவிட்டு எல்லாரும் எழுந்து, மழை கட்டுகிற ஈசானி மூலையைப் பார்ப்போம். மறுநாள் பெய்தாலும் சரி, மறுவாரம் பெய்தாலும் சரி, சுகுணவல்லி பேரில்தான் வரவு வைப்போம். கடைசி ரீலை மட்டும் தொட மாட்டோம். சாமி நிறுத்தின இடத்துக்குமேல் ஓட்ட நாம் யார்? தவிரவும், கதை முடிந்தால் மழையும் அதோடு முடிந்துவிடும் என்று ஒரு பயம். அதனால் அந்தத் தகர டப்பாவை மஞ்சள் துணியில் சுற்றிக் கோயில் அறையில் வைத்து, படம் ஓட்டுகிற அன்று மட்டும் வெளியே எடுத்து, திரைக்கு முன்னால் மாலை போட்டுச் சூடம் காட்டிவிட்டு, திரும்ப உள்ளே வைப்போம். ஆக, அந்த மாமியார் முப்பது வருஷமாகத் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவள் கதவைத் திறந்திருப்பாள் என்று என் சம்சாரம் இசக்கியம்மாள் சொல்கிறாள். திறந்திருக்கவே மாட்டாள் என்று பக்கத்து வீட்டுப் பெத்தம்மாள் சொல்கிறாள். இரண்டு பேரும் அந்த முதல் ஆட்டத்தை ஒரே பாயில் உட்கார்ந்து பார்த்த புதுப்பெண்கள். அன்று தொடங்கின சண்டை. நடுவில் குழம்பு கடன் வாங்குவதற்காக மட்டும் கொஞ்சம் நிறுத்திக்கொள்வார்கள்.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் நீங்கள் அந்தக் கோபாலசாமியைக் கூட்டிவந்தீர்கள். பழைய படம் சேர்க்கிறவர், டப்பாக்களுக்கு இடம் பற்றாமல் சம்சாரத்தை அவளுடைய அண்ணன் வீட்டில் விட்டிருக்கிறவர் என்று நீங்களே சிரித்துக்கொண்டு சொன்னீர்கள். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். வந்ததும் வராததுமாகப் படத்தை ஓட்டிக் காட்டச் சொன்னார். பருத்தி வெடித்துக் கிடக்கிற நேரம், இப்போது மழை வந்தால் யார் பதில் சொல்வது என்று தங்கச்சாமி அண்ணாச்சி மறுத்துவிட்டார். அதை அந்த மனிதர் வேடிக்கைப் பேச்சு என்று நினைத்தார். பிறகு ஒரு ரீலை மட்டும் வெயிலில் பிடித்துப் பார்க்க விட்டோம். சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். ஒவ்வொரு படமாகப் பார்த்தார். முகர்ந்தார். ஓரத்து ஓட்டைகளைத் தடவினார். சுகுணவல்லி அழுகிறதைப் பார்த்து அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன், சுகுணவல்லியின் பேர் எழுதின இடத்தைப் பார்த்துக் கண் கலங்கினவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஓடாத படத்தில் அப்படி என்ன சார் இருக்கு என்று கேட்டதற்கு அவர் சொன்னார்:

"ஓடின படம் எல்லார்கிட்டயும் இருக்கும் வேல்சாமி. ஓடாததுக்குத்தான் ஆள் வேணும்."

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். பிறகு பையிலிருந்து கண்ணாடிக் காகித உறையில் போட்ட ஒரு பாட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். சுகுணவல்லியின் பாட்டுப் புத்தகம். கதைச் சுருக்கம் எல்லாம் இருந்தது. மாமியார் தாழ்ப்பாளில் கை வைத்ததும், 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று அச்சடித்தவன் போட்டுவிட்டான். அந்தப் புத்தகம் பட்டணத்தில் ஒருவரிடமும் பெங்களூரில் ஒருவரிடமும் கொழும்பில் ஒருவரிடமும் இருக்கிறதாம். அவர்களும் கதவு திறந்ததா இல்லையா என்று தபாலில் சண்டை போடுகிறார்களாம். மற்ற ரீல்கள் எல்லாம் ஓடி ஓடிக் கீறல் விழுந்து கிடக்க, கடைசி ரீல் மட்டும் மிஷின் பல்லே படாமல் புதுசாக இருக்கிறது என்று தெரிந்ததும் அவர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அன்று இசக்கியம்மாள் வைத்த கறிக்குழம்பைப் பிசைந்துகொண்டே இருந்தாரே தவிர வாயில் வைக்கவில்லை. போகும்போது தங்கச்சாமி அண்ணாச்சியிடம், இந்த மாதிரிப் பழைய பிலிம் சட்டென்று தீப்பிடிக்கும், ஊருக்கே ஆபத்து, பட்டணத்தில் குளிர்ந்த அறையில் வைக்க வேண்டியது என்று பயங்காட்டிப் பார்த்தார்.

"வீட்டுக்கு வீடு தீப்பெட்டிக் குச்சி அடுக்குதோம் சார். எங்களுக்கா தீயைப் பத்திச் சொல்லுதீங்க?" என்றார் அண்ணாச்சி.

அந்த ஆளுக்குப் பைத்தியம், பைத்தியத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபம் எல்லாம் என் பொறுப்பில் இருந்த கோயில் அறைச் சாவியைக் கொடைக்குச் சாமான் எடுக்கணும் மச்சான் என்று என்னிடம் வாங்கிப்போன உங்கள் மேல்தான்.

இந்தப் புரட்டாசியில் எல்லாரும் மழையை நம்பிப் புழுதியில் விதைத்துவிட்டோம். கம்பு, உளுந்து, பருத்தி, ஒருவர் வீட்டிலும் மறுவிதைக்கு மிச்சம் கிடையாது. வானம் வெளுத்தே இருந்தது. மிஷினைக் கொண்டுவந்து படத்தை ஓட்டினோம். மஞ்சள் துணி மூட்டையைத் திரைக்கு முன்னால் வைத்து மாலை போட்டு, தேங்காய் உடைத்து, சூடம் காட்டினோம். நான் அதன் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன் மாப்பிள்ளை. மாமியார் கை வைத்தாள். எழுந்து ஈசானி மூலையைப் பார்த்தோம். மறுநாளும் பார்த்தோம். மறுவாரமும் பார்த்தோம். ஒரு மின்னல்கூட இல்லை. அப்புறம் ஒரு நாள் காலையில் பெத்தம்மாள் கோயில் வாசலைக் கூட்டப் போனவள், அறைக் கதவு இடுக்கிலிருந்து எறும்பு சாரை சாரையாகப் போவதைப் பார்த்திருக்கிறாள். தகர டப்பாவில் எறும்புக்கு என்ன வேலை? ஊரைக் கூட்டி மஞ்சள் துணியை அவிழ்த்தார்கள். உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக என் வேம்பார்க் கருப்பட்டி. ஊரே சேர்ந்து கருப்பட்டிக்கு மாலை போட்டுக் கும்பிட்டிருக்கிறோம். எல்லாரும் கருப்பட்டியைப் பார்த்தார்கள், பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்கள். வாங்கினவன் நான், சாவி கொடுத்தவன் நான், கொட்டானைத் தலையில் சுமந்து எல்லாருக்கும் முன்னால் நடந்து போனவன் நான், தகரச் சத்தம் கேட்டால்தான் அசல் என்று ஊருக்கெல்லாம் சொன்னவனும் நான்.

அன்றிலிருந்து என் டீக்கடை பெஞ்சில் நாய் படுத்திருக்கிறது. பாய்லரைப் பற்றவைத்துப் பாலைக் காய்ச்சி நானே குடிக்கிறேன். கடையைத் தாண்டிப் போகும்போது தங்கச்சாமி அண்ணாச்சி சத்தமாக, "டீ வேண்டாம்ப்பா. மழை இருந்தா ஒரு கிளாஸ் குடு" என்று கேட்டுவிட்டுப் போகிறார். ஊரையே கேலி பண்ணித் திரிந்த என்னை ஊர் கேலி பண்ணுகிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். படம் கெட்டுப்போச்சு, இனி பழைய வழிதான் என்று போன வெள்ளிக்கிழமை கொடும்பாவி கட்டினார்கள். சோளத்தட்டை கேட்டு வந்தார்கள், நானும் ஊர்க் காரியம் என்று நான் அடுக்கி வைத்திருந்த தட்டைப் படப்பிலிருந்து அள்ளிக் கொடுத்தேன். சாயங்காலம் கடை முன்னால் அதை இழுத்து வருகிறார்கள், பார்த்தால் கொடியில் காயப்போட்டிருந்த என் கோடுபோட்ட சட்டையைக் கொடும்பாவி போட்டிருக்கிறது. கழுத்தில் என் துண்டு. கையில் ஒரு டீ கிளாஸ். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு, மழையைக் கொட்டானில் கட்டிக் கொடுத்த வேல்சாமி என்று ஒப்பாரி வைக்கிறார்கள், அதை எடுத்துக் கொடுத்துப் பாடுகிறவள் இசக்கியம்மாள். சட்டையைக் கொடுத்ததும் அவள்தான். ஏட்டி, நீயுமா என்று கேட்டேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, பாட்டை நிறுத்தாமல் ஒரு மூச்சு இடைவெளியில் சொன்னாள்:

"உமக்கு நான் இருக்கும்போது இன்னொருத்தி ஒப்பாரி எடுத்தா நல்லாவா இருக்கும்?"

எல்லையில் வைத்து என்னைக் கொளுத்தினார்கள். அதாவது சட்டையை. நல்ல சட்டை. எட்டத்தில் நின்று நானும் பார்த்தேன். பக்கத்தில் நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. கேலி பண்ணி முடித்த பிறகும் இந்த ஊரில் சிரிப்பு வராமல் போனதை நான் பார்த்ததே இல்லை.

பட்டணத்தில் கடைசி ரீலை ஓட்டிக் கதையை முடித்துவிட்டார்கள், அதனால்தான் மழையும் முடிந்துபோச்சு என்று ஊர் பேசுகிறது. படம் ஓட்டி மழை வரும் என்று முழுக்க நம்புகிறவன் இல்லை நான். ஆனால் விதை புழுதியில் கிடக்கும்போது நம்பாமல் இருக்கிற தைரியமும் எனக்கு இல்லை. நேற்று ஓடைக்காட்டில் மண்ணைக் கிளறி ஒரு கம்பு விதையை எடுத்துப் பார்த்தேன். இன்னும் உயிர் இருக்கிறது. இந்த மாசம் தாங்கும். அதற்குமேல் எறும்புக்குத்தான். அப்புறம் ஆணும் பெண்ணுமாக ஊர் முழுக்கத் தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் போய்க் கூலிக்கு நிற்க வேண்டியதுதான், அங்கேயும் என்னை முன்னால் விட மாட்டார்கள்.

ஆகவே, இந்தக் கடிதம் கண்ட உடனே கோபாலசாமி வீட்டுக்குப் போங்கள். அந்த டப்பாவைத் திறக்கக் கூடாது. திறந்திருந்தால் மூடச் சொல்லுங்கள். எந்தக் காரணம் கொண்டும் ஓட்டக் கூடாது, வெயிலில் பிடித்துப் பார்க்கக் கூடாது, முகரவும் கூடாது. பெங்களூர்க்காரனும் கொழும்புக்காரனும் கேட்டாலும் மூச்சு விடக் கூடாது. அவர் தர மாட்டேன் என்றால், அவர் சம்சாரத்தை அண்ணன் வீட்டிலிருந்து நானே வந்து கூட்டிக்கொண்டுபோய் அவர் வீட்டில் விட்டுவிடுவேன் என்று சொல்லுங்கள், தந்துவிடுவார். டப்பாவைத் தபாலில் அனுப்ப வேண்டாம். நீங்களே எடுத்து வந்து, பஸ்ஸிலிருந்து இறங்கின இடத்திலிருந்து கோயில் வரைக்கும் உங்கள் தலையில் சுமந்து வர வேண்டும். நான் பின்னால் கையை வீசிக்கொண்டு நடந்து வருவேன். இது என் உத்தரவு இல்லை, ஊர் உத்தரவு. தலையில் சுமக்கிறது மட்டும் நான் சேர்த்தது.

ராமலட்சுமிக்கு என் ஆசீர்வாதம். கருப்பட்டி விஷயத்தில் அவள் மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொல்லவும். பிள்ளைகளுக்கு அத்தை இசக்கியம்மாளின் முத்தம். தங்களுக்கு என் ஆசீர்வாதத்தில் பாதியை இத்துடன் வைத்திருக்கிறேன். மீதியை டப்பா வந்த பிறகு காண்க.

இப்படிக்கு,
சட்டை இல்லாத மைத்துனன்
வேல்சாமி

பின்குறிப்பு: ஐப்பசி 12. மேலே எழுதினது எதையும் செய்ய வேண்டாம். இந்தக் கடிதத்தை மடித்து, காலையில் ஒட்டித் தபாலில் போடலாம் என்று டீத்தூள் டப்பாவில் வைத்தேன். அன்று சாயங்காலமே ஈசானி மூலையில் மின்னி, விடியும்போது ஓடை நிறைந்துவிட்டது. விதை எல்லாம் பொன் போல முளைத்து இலை விட்டாச்சு. தங்கச்சாமி அண்ணாச்சி நனைந்துகொண்டே கடைக்கு வந்து, டப்பாவை அவிய திறக்கலைன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு, உன் மாப்பிள்ளை யோக்கியன்ப்பா என்று சொல்லி டீ குடித்தார். நாயை எழுப்பிவிட்டு பெஞ்சு நிறைய ஜனம். எனக்குப் புதுச்சட்டை எடுக்க ஊரில் முடிவாகியிருக்கிறது.

ஆனால் மாப்பிள்ளை, அன்று பிடித்த மழை இன்னும் விடவில்லை. பஸ் வரவில்லை. கோயில் வாசல்படி தண்ணீருக்குள் போய்விட்டது. பயிர் மஞ்சள் பாரித்து நிற்கிறது, இன்னும் ரெண்டு நாள் இப்படியே நின்றால் வேர் அழுகிவிடும். கதை முடியாததால்தான் மழையும் முடியவில்லை, கடைசி ரீலை ஓட்டினால்தான் நிற்கும் என்று நேற்று ஊர் கூடி முடிவு செய்து, மறுபடியும் எல்லாரும் திரும்பி என்னைப் பார்க்கிறார்கள். இந்தக் கடிதத்தை இடுப்பளவு தண்ணீரில் ஒரு ஆள் கழுகுமலைக்குக் கொண்டுபோகிறான். கண்டதும் கோபாலசாமி வீட்டுக்கு ஓடுங்கள். டப்பாவைத் திறக்கச் சொல்லுங்கள். அவர் ஆசை தீர முகரட்டும். உடனே ஓட்டச் சொல்லுங்கள், பெங்களூர்க்காரனையும் கூப்பிட்டு வைத்து ஓட்டட்டும். டப்பாவையும் அவரே வைத்துக்கொள்ளட்டும். உங்கள் தலையில் ஒன்றும் சுமக்க வேண்டாம்.

அந்த மாமியார் கதவைத் திறந்தாளா இல்லையா, அதை மட்டும் எனக்குத் தந்தி அடித்துவிடுங்கள். ஒரு வார்த்தை போதும். அவசரம். பெத்தம்மாள் வீட்டுக் கூரை ஒழுகி, அவள் பாயைச் சுருட்டித் தலையில் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நிற்கிறாள். சுகுணவல்லிக்கு மாமியார் கதவைத் திறந்தான்னு ஒரு வார்த்தை சொல்லு, நானும் திறக்கேன் என்கிறாள் உள்ளே இசக்கியம்மாள். நீயே திறக்கல, அவ எப்படிட்டி திறந்திருப்பா என்கிறாள் வெளியே பெத்தம்மாள். நான் நடுவில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இசக்கியம்மாள் தாழ்ப்பாளில் கையை வைத்தபடி நிற்கிறாள்.